வடக்கே முந்நூற்றெழுபது மீட்டர்

ஜியோகேச்சிங் என்னும் விளையாட்டை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தவள் சென்னையில் இருக்கும் என் மகள். ஒருவர் ஒரு பெட்டியை ஒளித்துவைத்து, அதன் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இணையத்தில் பதிவார். கண்டுபிடிப்பவர் உள்ளிருக்கும் நோட்டில் இரண்டு வரி எழுதி, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, திருவரங்குளத்துக்கு அப்பால் தைலமரங்களும் முந்திரியும் கலந்த பூங்காவில் நாங்களும் ஒரு பெட்டி வைத்தோம். நான், என் மனைவி, மகள், பேத்தி. பெட்டி என்பது நாரத்தங்காய் ஊறுகாய் இருந்த டப்பா. கண்டுபிடிப்பவர்களுக்குப் பரிசாக மனைவி அதில் ஓர் அட்டை நிறைய ஊக்குகள் வைத்தாள். நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியவளும் அவளே. என்ன எழுதினாள் என்று எங்களுக்குக் காட்டவில்லை. "தேடி வர்றவங்க படிச்சுக்குவாங்க" என்றாள்.

இடத்தை இணையத்தில் பதிந்தவன் நான். நாற்பது ஆண்டுகள் கல்லூரியில் புவியியல் கற்பித்தவன் என்பதால் வேறு யாரும் அதற்குப் போட்டியிடவில்லை.

தேடிப் போனவர்கள் வரிசையாக எழுதினார்கள்: பெட்டி இல்லை. யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று நினைத்து விட்டுவிட்டேன். சென்ற ஆண்டு மனைவி காலமானாள். அதன்பின் அந்த நோட்டு என் நினைவுக்கு அடிக்கடி வந்தது. அவள் கையெழுத்தில் மளிகைப் பட்டியல்கள் வீட்டில் உண்டு. நான் படித்திராத ஒன்று அது மட்டுமே. இந்த ஐப்பசியில், நேரில் பார்த்து உறுதிசெய்யாவிட்டால் பதிவை நீக்கிவிடுவோம் என்று இணையதளத்தார் எழுதினார்கள். விடுமுறைக்குப் பேத்தியோடு வந்திருந்த மகள் காரை எடுத்தாள். திருக்கோகர்ணத்தில் உளுந்து வடை வாங்கிக்கொண்டோம். பூங்காவை அடையும்போது மழை பிடித்துக்கொண்டது.

கைப்பேசி காட்டிய இடத்தில் முந்திரிப் புதர்களும் செம்மண் சேறும் இருந்தன. அரை மணி நேரம் குனிந்தும் நிமிர்ந்தும் தேடினோம். என் செருப்பில் ஒன்றைச் சேறு வாங்கிக்கொண்டது. பேத்தி அதைக் குச்சியால் மீட்டுத் தந்தாள்.

"தாத்தா, அம்மாச்சி ரெட்டைப் பாறைக்கு நடுவுலதானே வச்சாங்க? இங்க பாறையே இல்லையே."

"அப்பா, நீங்க போட்ட நம்பர் சரிதானா?" என்றாள் மகள்.

"யார்கிட்ட கேக்குற?"

"ஒங்ககிட்டதான். வேற யாரு போட்டா?"

சட்டைப்பையிலிருந்து பழைய குறிப்பேட்டை எடுத்தேன். மகள் குடையை என் பக்கம் சாய்த்தாள். அட்சரேகையில் பாகைக்கு அடுத்து இருபத்து நான்கு நிமிடம், முப்பது விநாடி என்று தெளிவாக எழுதியிருந்தேன். தளத்தில் இருந்ததோ இருபத்து நான்கு புள்ளி முப்பது நிமிடம். முப்பது விநாடி என்பது அரை நிமிடம்; புள்ளி ஐந்து என்று போட்டிருக்க வேண்டும். இதே பிழைக்காக எத்தனை மாணவர்களுக்கு மதிப்பெண் குறைத்திருக்கிறேன் என்பதை அவர்களிடம் சொல்லவில்லை. பிழையை மட்டும் சொன்னேன்.

மகள் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றாள். "ரெண்டு வருசமா ஊரையே மழையிலயும் வெயில்லயும் அலையவிட்டிருக்கீங்க. இப்ப எங்கிட்டு போகணும்?"

"வடக்கே. முந்நூற்றெழுபது மீட்டர்."

"வடக்கு எதுன்னாவது தெரியுமா தாத்தா?"

இரட்டைப் பாறை அங்கே இருந்தது. இடுக்கில் கைவிட்டவள் பேத்தி. டப்பாவின் மூடிக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது, ஊக்குகள் துருப்பிடித்திருந்தன. நோட்டை என் மனைவி கழுவிக் காயவைத்த பால் கவர்கள் மூன்றில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றியிருந்தாள். அன்று அதற்காக நாங்கள் மூவரும் அவளைக் கேலி செய்தோம். நோட்டு நனையவில்லை. நாரத்தங்காய் வாசனை போகவில்லை.

முதல் பக்கத்தில் இருந்தது இவ்வளவே: "நாலு பேர் வந்தோம். வடக்கு எது என்று அப்பாவும் மகளும் கால் மணி நேரம் சண்டை. நான் அதற்குள் எல்லா வடையையும் சாப்பிட்டுவிட்டேன்."

மகள் அதை உரக்கப் படித்தாள். "அன்னைக்குக் காக்கா தூக்கிட்டுப் போச்சுன்னுல்ல சொன்னாங்க" என்றாள். எனக்கும் அப்படித்தான் சொல்லப்பட்டிருந்தது.

நான் பக்கத்தைத் திருப்பாமல் நின்றதைக் கவனித்து, "வீட்டுக்கு எடுத்துக்கங்கப்பா. புது நோட்டு வாங்கி வச்சிருவோம்" என்றாள்.

"எடுக்கக் கூடாதும்மா. எழுதிட்டு வச்சிரணும். அதான் ரூல்" என்றாள் பேத்தி.

எடுத்துக்கொள்ளத்தான் வந்திருந்தேன். ஆனால் மனைவி எழுதியது தேடி வருபவர்களுக்காக; அவர்களை இரண்டு ஆண்டுகள் வரவிடாமல் செய்தவன் நான். பேனாவை வாங்கி அவள் வரிகளுக்குக் கீழே எழுதினேன்: "மூன்று பேர் வந்தோம். சண்டை இல்லை. பிழை என்னுடையது." வடையைப் பற்றியும் எழுதச் சொன்னாள் பேத்தி. எழுதினேன். பால் கவர்களில் அதே வரிசையில் சுற்றி வைத்தோம்.

அன்று மாலையே பதிவைத் திருத்தினேன். மகள் சரிபார்த்த பிறகுதான் அனுப்ப அனுமதி கிடைத்தது. நான்கு நாள் கழித்து முகமறியாத ஒருவர் தளத்தில் எழுதியிருந்தார்: "பெட்டி கிடைத்தது. முதல் பக்கத்தைப் படித்துச் சிரித்தேன். துரு ஏறாத ஊக்கு ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டேன்."