மகளின் தலை மறைத்த ஓவியம்

என் மகளின் தோளுக்குப் பின்னால் முதலில் தெரிந்தது ஒரு முழங்கால்.

வீடியோ அழைப்பில் அவள் முகம் திரையை நிறைத்துக்கொண்டிருந்தது. எதற்கோ தலையைச் சாய்த்துச் சிரித்தபோது, பின்சுவரில் ஒரு சட்டத்தின் கீழ்மூலையும் அதற்குள் ஒரு காலும் தெரிந்தன. மனிதக் கால்தான். ஆனால் முக்கோணங்களாக வெட்டி மறுபடி ஒட்டிய கால். அவள் நிமிர்ந்ததும் மறைந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை. பிலிப்பைன்ஸில் அவள் தங்கியிருந்த மாணவியர் விடுதியின் சுவர் எனக்குத் தெரியும். வெளிர்பச்சை, வெறுமை. ஆணி அடிக்கவே விடமாட்டேன் என்கிறார்கள் என்று முதல் வருடத்தில் அவளே குறைபட்டுக்கொண்டாள். ஆணி இல்லாமல் சட்டம் எப்படித் தொங்கும்?

நான் கேட்கவில்லை. கேட்டால் அவள் பதிலைத் தயார் செய்துகொள்வாள்.

முன்பெல்லாம் நான் இப்படி யோசிக்கிறவனாக இருந்ததில்லை. அந்த அழைப்புக்குச் சில வாரங்கள் முன்னால், அவள் அங்கே மருத்துவம் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு புயல் வந்தது. மூன்று நாட்கள் அவளிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. அந்த மூன்று நாட்களும் நான் கைபேசியைச் சார்ஜிலிருந்து கழற்றாமல், சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். நான்காம் நாள் காலையில் 'நல்லா இருக்கேன்பா' என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. ஹாஸ்டலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பிறகு சொன்னாள். ஆனால் எனக்குள் ஏதோ கழன்றுவிட்டது. போன் மணி அடித்தாலே இன்றும் கை நெஞ்சுக்குப் போகிறது. அந்த வாரமே அவளிடமும் என் மனைவியிடமும் சொல்லிவிட்டேன்: "இனிமே எதையாவது மறைச்சீங்கன்னு தெரிஞ்சா, அடுத்த ஃபிளைட்ல அவ இங்க இருக்கணும்." வந்துவிட்டால் அந்தப் படிப்பு அதோடு முடிந்தது. அங்கே படித்ததை வைத்து இங்கே ஒரு கல்லூரியில் தொடர முடியாது. அது மூன்று பேருக்குமே தெரியும்.

அதனால் அந்த முழங்கால் எனக்குச் சின்ன விஷயமில்லை.

தினமும் மாலை ஐந்தரைக்கு அழைப்பாள். அங்கே எட்டு மணி. அவள் பேசப் பேச நான் திரையைப் படம் பிடிக்க ஆரம்பித்தேன். ஒருநாள் ஒரு தோள். அதன்மேல் அழுந்திய மூங்கில். இன்னொரு நாள் வரிசையாக நான்கு பாதங்கள், நான்கும் ஒரே திசையில். ஒருநாள் அவள் பேனா எடுக்கக் குனிந்தபோது மேல்மூலையில் கூரை மாதிரி ஒரு கூம்பு. நடுவில் பத்து நாட்கள் வீடியோ இல்லை, வெறும் குரல்தான். பரீட்சை, நெட் சரியில்லை என்று மகளும் மனைவியும் சொன்னார்கள். குரலும் வேறு மாதிரி இருந்தது. அந்தப் பத்து நாட்களையும் நாட்காட்டியில் பென்சிலால் சுழித்து வைத்தேன்.

பட்டுச் சேலைக்கு டிசைன் போடுவது என் வேலை. ஒரு அன்னத்தையோ யாளியையோ கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் எந்த இழை மேலே வரும் என்று கணினியில் நிரப்புவேன். துண்டுகளைச் சேர்ப்பது எனக்குக் கை வந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் கணினியில் அந்தப் படங்களை ஒன்றோடொன்று பொருத்தினேன். ஒவ்வொன்றிலிருந்தும் என் மகளின் தலையை வெட்டி எடுத்தேன், சுவர் மட்டும் மிஞ்சும்படி. அப்போது அது எனக்கு உறுத்தவே இல்லை.

ஒன்றுமட்டும் எரிச்சலாக இருந்தது. மூங்கில் தோளுக்கு முன்னால் போகிறதா பின்னால் போகிறதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. தோளுக்குள்ளே மூங்கில் தெரிந்தது, மூங்கிலுக்குள்ளே தோள் தெரிந்தது. தறியில் அப்படி ஒரு நியாயம் கிடையாது. ஒரு இழை மேலே என்றால் மற்றது கீழே. வரைந்தவன் தெரிந்தே ஏமாற்றுகிறான் என்று தோன்றியது. அந்த மனநிலையில் எனக்கு எல்லாருமே அப்படித்தான் தெரிந்தார்கள்.

இரண்டரை மாதத்தில் ஓரங்கள் எல்லாம் கிடைத்துவிட்டன. நடுவில் மட்டும் அவள் தலையளவுக்கு ஓட்டை. தோளில் மூங்கில் தாங்கி நடக்கும் ஆண்கள், மேலே கூம்பு, பக்கத்தில் கூட்டம். பங்குனி உற்சவத்தில் வீதிக்கு வீதி வாகனம் தூக்குவதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். என் கண்ணுக்கு அது சாமி புறப்பாடு. அந்த ஊர்ச் சாமி. அப்படியானால் அந்தச் சுவர் ஏதோ ஒரு ஜெபக் கூடத்தின் சுவர். என் மகள் யாரோடோ சேர்ந்து எங்கேயோ போய்விட்டாள். இரண்டு நாட்கள் நான் அதையே நம்பினேன்.

எங்கள் ஆபீஸில் தறிக்கு டிசைன் அட்டை குத்தும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவர் பக்கத்துக் கூரம் கிராமத்துக்காரர், கிறிஸ்தவர். இருபது வருடச் சிநேகம். அவரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன்.

"உங்க கோயில்ல இந்த மாதிரி ஊர்வலம் உண்டாப்பா?"

"எங்க கோயில்னா? கூரத்துலயா, பிலிப்பைன்ஸ்லயா?"

"பொதுவா கேக்கறேன்."

"பொதுவா கேக்கற மூஞ்சியா இது? பொண்ணு மதம் மாறிட்டாளோன்னு கிலி புடிச்சிக்கினு கேக்கற. இருபது வருசமா என் டப்பாவுல கைய வுட்டு துன்ற, உன்ன நான் மாத்திட்டனா?"

எனக்கு முகம் சுட்டது. அவர் அதைப் பொருட்படுத்தாமல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்குள் குனிந்தார்.

"இது இன்னா, நடுவுல இம்மாம் பெரிய பொத்தல்?"

"அங்கதான் அவ உக்காந்திருப்பா."

என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு விரலை ஓரங்களில் நகர்த்தினார்.

"சாமி தூக்கறவன் ரோட்டைப் பாத்துப் போவான், சரி. கூட வர்ற சனம் சாமியைப் பாக்க வேணாமா? இந்தப் பொம்பள பானையைப் பாத்துக்கினு போவுது. இவன் கிடார் வாசிச்சிக்கினு போறான். நாய் கூட தரையை மோந்துக்கினு போவுது. ஒருத்தன் கும்பிடல பாரு."

"அப்ப என்னதான் தூக்கறாங்க?"

ஓட்டையின் விளிம்பில் பாதி தெரிந்த ஒரு சதுரத்தைப் பெரிதாக்கச் சொன்னார். பெரிதாக்கினேன். குறுக்குக் கம்பு, அதற்குள் கொஞ்சம் நீலம்.

"ஜன்னல்பா இது. சாமிக்கு எதுக்கு ஜன்னல்?" என்று சிரித்தார். "வூடு. வூட்டையே தூக்கிக்கினு போறானுங்க."

அவர் இயந்திரத்துக்குத் திரும்பிப் போய்விட்டார். என் பயம் போகவில்லை, திசை மாறியது. வீடு மாறுகிறவர்களின் படம். அப்படியானால் அவள் வீடு மாறியிருக்கிறாள். யாருடைய வீட்டுக்கு?

அன்று மாலை அழைப்பு வந்தபோது மனைவி என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மகள் வழக்கம்போல் ஆரம்பித்தாள். நான் இடைமறித்தேன்.

"கொஞ்சம் தள்ளி உக்காரும்மா."

"ஏம்பா?"

"பின்னாடி இருக்கற படத்தைப் பாக்கணும்."

அவள் கண்கள் என்னைப் பார்க்கவில்லை. திரையின் ஓரத்துக்குப் போயின, அவள் அம்மாவின் தோள் தெரியும் ஓரத்துக்கு. கத்தி பலகையில் படும் சத்தமும் நின்றது. இரண்டு பேருக்கும் தெரிந்த ஒன்று எனக்கு மட்டும் தெரியாது என்பது அந்த நொடியில் விளங்கியது. அந்த ஓவியத்தைவிட அதுதான் என்னைக் கலக்கியது.

மகள் எழுந்து விலகினாள்.

முழுப் படமும் தெரிந்தது. கீற்றும் மூங்கிலுமாக ஒரு வீடு, ஊன்றுகால்களோடு தரையிலிருந்து பிடுங்கி எடுத்த மாதிரி. அடியில் பன்னிரண்டு பதின்மூன்று ஆட்கள். எல்லாம் கண்ணாடித் துண்டுகள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருந்தன. ஒருவன் முதுகும் இன்னொருவன் மார்பும் மோதிய இடத்தில் இரண்டு நிறமும் இல்லாத மூன்றாவது நிறம் ஒன்று. சிவப்புப் பாவு நூலுக்குக் குறுக்கே பச்சை ஊடை நூல் ஓட்டினால் துணி அசையும்போது வருமே, அந்த மினுக்கு. அதை எப்படி நான் மூன்று மாதம் பார்த்தும் பார்க்கவில்லை என்று தெரியவில்லை. முன்னால் எது பின்னால் எது என்பது அங்கே கேள்வியே இல்லை. யார் தோளில் எவ்வளவு பாரம் என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாதபடி அந்த ஓவியர் வரைந்திருந்தார்.

"இங்க முன்னாடி இப்படித்தாம்பா," என்றாள் மகள் மெதுவாக. "தண்ணி வந்தா, இல்ல வேற எடத்துக்குப் போவணும்னா, அக்கம்பக்கத்துல இருக்கறவங்க வந்து வீட்டைத் தூக்கிக் குடுப்பாங்க. கூலி கெடயாது. வீட்டுக்காரங்க சோறு போடணும், அவ்ளோதான். பானையோட போறாங்க பாரு, அது சமைக்கத்தான். இந்த ஊரு ஓவியர்ங்க இந்தக் காட்சியை எவ்ளோ பேரு வரைஞ்சிருக்காங்க தெரியுமா? இது பிரிண்ட்தான். ஆன்ட்டி வாங்கி மாட்டினது."

"எந்த ஆன்ட்டி?"

அவள் படத்தின் சட்டத்தைத் தொட்டு நேராக்கினாள்.

"இது ஹாஸ்டல் இல்லதான?"

"இல்லப்பா." அழவில்லை. "புயல்ல ஹாஸ்டல் கீழ்தளம் பூரா போச்சு. எங்க காலேஜ் லைப்ரரியில வேல செய்யறவங்க கூட்டிக்கினு வந்தாங்க. என்னையும் ஒரு மதுரைப் பொண்ணையும். அவங்க தனியாதான் இருக்காங்க. உங்களாண்ட சொன்னா..."

நான் மனைவி பக்கம் திரும்பினேன்.

"உனக்கு எப்பத்துலேர்ந்து தெரியும்?"

"மொத நாள்லேர்ந்து."

"என்னாண்ட சொல்லணும்னு தோணல?"

"சொன்னா இன்னா பண்ணியிருப்பீங்க? அடுத்த ஃபிளைட்டுன்னு நிப்பீங்க. உங்க நெஞ்சுல கை போறத பாத்துக்கினு எப்படிங்க சொல்றது?"

"மூணு மாசமா நான் கண்ணால பாத்துக்கினு இருக்கேன் அந்தச் செவுத்த! ஒவ்வொரு நாளும்!"

"ஆமா, செவுத்தத்தான் பாத்தீங்க." அவள் குரலை உயர்த்தவில்லை. "பொண்ணு மூஞ்சியப் பாத்தீங்களா? கழுத்து எலும்பு தெரியுது, அது தெரிஞ்சுதா? முடி பாதியா கொட்டிப் போச்சு. டெங்கு வந்து பத்து நாள் படுத்துக் கெடந்தா. அந்தம்மாதான் லீவு போட்டு கஞ்சி வச்சிக் குடுத்துக்கினு இருந்தாங்க. அந்தப் பத்து நாளுக்கும் நீங்க காலண்டர்ல வட்டம் போட்டுக்கினு இருந்தீங்க."

வட்டம் போட்டது அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

திரையைப் பார்த்தேன். மகள் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தாள். உண்மைதான். காதோரத்தில் முடி இல்லை. கண்ணுக்குக் கீழே ஒரு மஞ்சள். இருபத்தொரு வயதில் முப்பது மாதிரி இருந்தாள். இந்த முகத்தைத்தான் நாள்தோறும் கத்தரித்து எறிந்திருக்கிறேன்.

அதற்குள் அந்த அம்மாள் என் குரலைக் கேட்டு எட்டிப் பார்த்தார். ஐம்பது வயதிருக்கும், குட்டையான உருவம், கையில் ஈரத் துணி. "குட் ஈவ்னிங் சார்" என்றார். நான் குட் ஈவ்னிங் என்றேன். நன்றி சொல்ல வேண்டிய இடம் அது. என் வாயிலிருந்து வந்தது வேறு.

"அவங்களுக்கு இதுல இன்னா லாபம்னு கேளு."

"அப்பா!"

"கேளு."

மகள் அதை எப்படி மாற்றிக் கேட்டாளோ. அவர் யோசித்துப் பதில் சொன்னார், இரண்டு கைகளாலும் ஏதோ பிடித்துக் காட்டினார்.

"லாபம்லாம் தெரியலயாம். போன வாரம் பக்கத்து வீட்டுல ஃபிரிட்ஜ மேல ஏத்தறப்ப நானும் மதுரைப் பொண்ணும் புடிச்சோமே, அப்ப இதுல உங்களுக்கு இன்னா லாபம்னு எங்களாண்ட யாரும் கேக்கலயேன்னு சொல்றாங்க."

மனைவி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் சந்தேகம் அவ்வளவு சுலபத்தில் இறங்குவதில்லை. கதவுத் தாழ்ப்பாளைக் காட்டச் சொன்னேன். காட்டினாள். ஜன்னல் கம்பியைக் காட்டச் சொன்னேன். அந்த அம்மாளே கம்பியைப் பிடித்து இழுத்துக் காட்டினார். மதுரைப் பெண் கையில் தட்டோடு வந்து "வணக்கம் அங்கிள்" என்றாள். வேறு யாரும் வீட்டில் இல்லை.

"அப்ப நான் வரணுமாப்பா?" என்றாள் மகள். அவளுக்கு அதுதான் தெரிய வேண்டியிருந்தது. மனைவியும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். சொன்ன சொல்லை நான்தான் சொல்லியிருந்தேன். மறைத்தால் அடுத்த விமானம்.

எங்கள் ஊர்ப் பக்கத்துத் தாமல் ஏரி நிரம்பி வழிந்த ஒரு மழைக்காலத்தில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அதையே தாங்காதவன் நான். கடைசியாக ஒன்று மட்டும் கேட்டேன்.

"அந்த எடம் மேடா?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். மேடுதாம்பா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அன்று நான் தூங்கியிருப்பேன்.

"இல்லப்பா. புயலப்ப இங்கயும் வாசப்படி வரைக்கும் வந்துச்சாம். இன்னும் மழைக்காலம் முடியல. வந்தா திரும்ப வரும்."

கை நெஞ்சுக்குப் போயிற்று. மனைவி அதைப் பார்த்தாள், மகளும் பார்த்தாள். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"சரி, இரு," என்றேன். "தண்ணி வந்தா வந்துதுன்னு என்னாண்ட சொல்லு. அம்மாவாண்ட இல்ல."

"சொல்றேன்பா."

"உடம்பு நல்லாத் தேறட்டும். இப்ப இன்னா சாப்புட்ட?"

அவள் சொன்னாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.