கீழ் அடுக்கு

தொண்ணூறுகளில், புனே பக்கம் சிஞ்ச்வட் தொழிற்சாலையில் என் பக்கத்து மிஷினில் ஒரு திருநெல்வேலிக்காரர் இருந்தார். நரைத்த மீசை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. டிபன் கேரியரின் கீழ் அடுக்கை மதியம் தொடவே மாட்டார். அது ஓவர்டைமுக்கு.

அங்கே ஒற்றைச் சம்பளத்துக்கே ஓவர்டைம் ஓடியது. சட்டப்படி இரட்டிப்பு வேண்டும் என்று யூனியனில் கேட்டு ஜெயித்தோம். கம்பெனியோ ஓவர்டைமையே நிறுத்திவிட்டது.

"இனி பொழுதோட வீட்டுக்குப் போலாம்ணே," என்றேன்.

"உங்களுக்கு வீடு இருக்கு, போறிய. எனக்கு இருக்கது ரூமுதான் தம்பி. இங்கன்னா மிஷினாவது பேசும்லா."

அன்று சாயங்காலம் கேட்டுக்கு வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்து கீழ் அடுக்கைத் திறந்தார். ரயிலைப் பிடிக்க ஓடிய என்னைப் பார்த்து, "பைய போங்க தம்பி" என்றார். விருந்தாளியை வாசல்வரை வந்து அனுப்புகிறவரின் குரல் அது.