ஒப்படைத்த துவக்கு

முயல் வேட்டைக்குப் பழைய ஒற்றைக்குழல் துவக்கு வாங்க இது நான்காவது கடை. ரொறன்ரோவில் எதைத் தூக்கினாலும் குறை சொல்லி வைத்துவிடுகிறேன்; எனக்கே என்மீது எரிச்சல். இன்று ஒன்றின் குழலை மடக்கித் திறந்ததும் எண்ணெய் மணந்தது.

ஊரில் துவக்குகளைப் பொலிஸில் ஒப்படைக்கச் சொன்ன அன்று அப்பாவின் கைகளில் மணந்த எண்ணெய். மற்றவர்கள் புதைத்து வைக்க, அவர் துடைத்துத் துடைத்து மினுக்கினார்.

"திருப்பித் தருவினம். துருவோட குடுக்கக்கூடாது."

துவக்கின் இலக்கம் எழுதிய துண்டு மட்டும் கிடைத்தது. அதைக் கனடாவுக்கும் கொண்டுவந்து, சாகும்வரை பத்திரமாக வைத்திருந்தார்.

"ஓகேதானே அப்பா, உந்தத் துவக்கை ஏன் திருப்பித் திருப்பிப் பாக்கிறியள்?" கடைக்குக் கூட வந்த மகள் சலித்துக்கொண்டாள்.

"இலக்கம் பாக்கிறன்" என்றேன்.