நாற்பத்து மூன்று பேரைத் தொலைத்த கதை

போன வாரம் ரத்தப் பரிசோதனை முகாம் முடிந்து கிளம்பும்போது, என்னோடு வேலை பார்க்கும் பெண், வந்தவர்களின் பெயரையெல்லாம் பதிந்திருந்த டேப்லெட்டைக் கைதவறிக் கீழே போட்டுவிட்டாள். பின்னால் எடுத்த ஜீப் அதன்மேலேயே ஏறிவிட்டது. நான் அப்படியே ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அவளோ சிரிக்கிறாள். “எல்லாம் அப்பவே நெட்ல ஏறிருச்சுங்க அக்கா, ஒண்ணும் போகல” என்கிறாள். ஏறிருச்சாம்! எங்கே ஏறியது, எண்ணிப் பார்த்தாயா என்று கேட்க வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டேன். இந்த வயதில் கிறுக்கு என்று பெயர் வாங்க வேண்டாம்.

என்னைக் கைதூக்கி எழுப்பினாள். அவள் விரலில் ஸ்பிரிட் வாசம். அந்த வாசம் மூக்கில் பட்டால் போதும், ஏற்காட்டில் நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த கிளினிக்குக்குப் போய்விடுவேன். ஒரு பழைய பங்களாவின் பின்கட்டு அது. தகரக் கூரை. மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் சேலத்திலிருந்து மலையேறி வருவார். மற்ற நாளெல்லாம் நர்ஸம்மாவின் ராஜ்ஜியம்தான். அவரை ‘சிஸ்டர்’ என்போம். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. இருந்தாலும் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் என் கை தானாக மேஜையைத் துடைக்க ஆரம்பித்துவிடும்.

நான் வாழவந்திக்காரி. பிளஸ் டூவும் ஆறு மாத கம்ப்யூட்டர் கோர்ஸும் முடித்திருந்தேன். மலையிலேயே எனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியும் என்று தலைகால் புரியாமல் திரிந்த காலம். அதற்கு ஏற்றாற்போல் ஒரு மெஷினையும் கையில் கொடுத்துவிட்டார்கள். சாம்பல் நிறம், செங்கல் அளவு. முகாமில் ரத்தம் எடுத்ததும் ஆளின் பெயரை அதில் தட்டி, டியூபில் ஒட்டியிருக்கும் கோடுகோடான ஸ்டிக்கர்மேல் அதன் சிவப்பு வெளிச்சத்தைக் காட்டினால் ‘கீக்’ என்று கத்தும். இந்த நம்பர் இந்த ஆளுக்கு என்று ஞாபகம் வைத்துக்கொள்ளும். டியூபில் பெயர் கிடையாது. கீழே சேலத்தில் லேபுக்கும் நம்பர் மட்டும்தான் தெரியும். யாருடைய ரத்தம் என்று தெரிந்த ஒரே ஜீவன் அந்தச் செங்கல்.

சாயங்காலம் கிளினிக்குக்கு வந்து, மெஷினை அதற்குரிய ஸ்டாண்டில் உட்காரவைத்து, கம்ப்யூட்டரில் ஒரு பட்டனை அமுக்க வேண்டும். பச்சைக் கோடு ஒன்று ஊர்ந்து போகும். அது முடிந்ததும், மெஷினில் இருப்பதை அழித்துவிடவா என்று கம்ப்யூட்டர் கேட்கும். யெஸ்ஸா, நோவா? ஃபைலைத் திறந்து, எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் யெஸ் அமுக்க வேண்டும். இது போதாதென்று சிஸ்டர் ஒரு நோட்டும் கொடுத்து, பெயரையும் நம்பரையும் கையாலும் எழுதச் சொல்லியிருந்தார். மெஷின் இருக்கையில் எதற்கு நோட்டு என்று மூன்றாவது முகாமோடு நான் எழுதுவதை விட்டுவிட்டேன். சிஸ்டரிடம் சொல்லவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை கொட்டச்சேட்டில் முகாம். ஊசி என்றாலே காப்பித் தோட்டத்துக்குள் போய் மறைந்துகொள்ளும் பெண்களை, சிஸ்டர் ஒரு வாரம் வீடு வீடாக ஏறி இறங்கிப் பேசி உட்காரவைத்திருந்தார். நாற்பத்து மூன்று பேர் கை நீட்டினார்கள். அதில் நான்கு பேர் காவேரி. மலைமேல் குகைக் கோயிலில் சேர்வராயன் சாமியோடு இருக்கிற அம்மன் பெயர் காவேரி. அதனால் இங்கே வீட்டுக்கு வீடு அந்தப் பெயர்தான். டியூபெல்லாம் ஐஸ் பெட்டியில் மத்தியானமே சேலத்துக்கு இறங்கிவிட்டன.

நான் கிளினிக்குக்கு வந்து மெஷினை ஸ்டாண்டில் வைத்தபோது வெளியே மூடுபனி ஜன்னல்வரை வந்திருந்தது. பச்சைக் கோடு பாதி போயிருக்கும், கரண்ட் ஒரு தடவை கண்ணைச் சிமிட்டியது. கம்ப்யூட்டர் அணையவில்லை. கோடும் முடிந்தது. அதே நேரம் ரோட்டில் என்னுடைய பஸ் ஹாரன் அடிக்கிறது. அதை விட்டால் வாழவந்திக்கு அன்றைக்கு வேறு பஸ் இல்லை. அழித்துவிடவா என்றது கம்ப்யூட்டர். யெஸ் அமுக்கிவிட்டு ஓடினேன். ஜன்னலோர சீட் வேறு கிடைத்தது, சந்தோஷமாக வேர்க்கடலை தின்றுகொண்டே போனேன்.

புதன்கிழமை காலை ஃபைலைத் திறந்தேன். மேலே ‘பெயர்’, ‘நம்பர்’ என்று தலைப்பு இருந்தது. கீழே ஒன்றுமே இல்லை. மெஷினை எடுத்துப் பார்த்தேன், அதிலும் இல்லை. பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். ஸ்டாண்டில் வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். சேர்வராயனுக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன். கல்யாணமாகாத பெண் ஆயிற்றே என்று யோசித்து அதை, நுனிமுடி மட்டும் கொடுக்கிற பூமுடியாகக் குறைத்தேன். அவர் இரண்டுக்கும் இறங்கி வரவில்லை, நானும் எதுவும் கொடுக்கவில்லை. யாருக்கும் ஒன்றும் இருக்காது, ரிசல்ட் எல்லாம் நன்றாக வரும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மத்தியானம் போன் அடித்தது. சிஸ்டர் வார்டில் இருந்தார், நான் எடுத்தேன். சேலம் லேபிலிருந்து. ஒரு நம்பரைச் சொல்லி, அந்த ஆளுக்குப் பத்துக்கு மேல் இருக்க வேண்டிய ரத்தம் நாலு புள்ளிதான் இருக்கிறது, உடனே ஆளைக் கீழே அனுப்பச் சொல்லி சிஸ்டரிடம் சொல்லுங்கள் என்றார்கள். சரிங்க என்றேன். போன் பக்கத்தில் ஒரு ரெஜிஸ்டர் உண்டு. எந்தப் போன் வந்தாலும் நாள், மணி போட்டு எழுத வேண்டும். நான் அதில் எழுதவில்லை. பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் நம்பரை எழுதி, நாலாக மடித்து, கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ஏன் அப்படிச் செய்தாய் என்று நீங்கள் கேட்கலாம். பயம்தான், வேறென்ன. சிஸ்டர் யார் என்று கேட்பார். யாரென்று தெரியாது என்று சொல்ல வேண்டும். பிறகு நோட்டைக் கேட்பார். வேலை போகும், ஊரில் தலைகாட்ட முடியாது என்றெல்லாம்தான் முதலில் பயந்தேன். ராத்திரி படுத்த பிறகுதான் வேறு பயம் வந்தது. முந்தின நாள் என் எதிரில் கை நீட்டிச் சிரித்த நாற்பத்து மூன்று முகத்தில் ஏதோ ஒன்று இப்போது மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கிறது, அது எதுவென்று எனக்குத் தெரியவில்லை. வியாழக்கிழமை முழுக்க சிஸ்டர் பின்னாலேயே நாலு தடவை போய்விட்டு, பஞ்சு எங்கே, கத்தரிக்கோல் எங்கே என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

வெள்ளிக்கிழமை காலை சிஸ்டரே என் மேஜைக்கு வந்தார். “ஏன் கண்ணு, நேத்தும் சோறு உங்கல. காச்சலா?” என்று நெற்றியில் கைவைத்தார். அவ்வளவுதான், உடைந்துவிட்டேன். பஸ் டிக்கெட்டை எடுத்து நீட்டி எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. டிரைவரைக் கூப்பிட்டு ஜீப்பை எடுக்கச் சொன்னார். கொட்டச்சேட்டுத் தோட்டத்தில் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்த பெண்களிடம் நான் ஓடிப்போய், மேடு ஏறினால் யாருக்கு மூச்சு வாங்குகிறது என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். எல்லாத்துக்குந்தானுங்க என்றாள் ஒருத்தி. பின்னாலேயே வந்த சிஸ்டர், அரிசி, மண்ணு, சுண்ணாம்பு என்று எதையாவது தின்கிற ஆள் யார் என்று கேட்டார். ரத்தம் வற்றினால் அந்த ஆசை வருமாம். சிரிப்பு நின்றது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள்.

“மேலூட்டுக் காவேரிங்க. செவுத்துச் சுண்ணாம்பச் சொரண்டிச் சொரண்டித் திங்குது. ஏழு மாசமுங்க. நேத்துத் தண்ணிக் கொடத்தோட உழுந்துட்டா, இன்னைக்கு எந்திரிக்கவே இல்லீங்க.”

நேத்து. நம்பர் என் கைப்பைக்குள் மடங்கிக் கிடந்த நாள். காவேரி பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பாதம் வீங்கியிருந்தது. சிஸ்டர் அவள் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். கொஞ்சங்கூடச் சிவப்பு இல்லை. தூக்கி ஜீப்பில் படுக்கவைத்தோம், தலை என் மடியில். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அவள் மூக்கில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இறங்கினேன். இருபது வளைவு. ஒவ்வொன்றிலும் நான் செத்துப் பிழைத்தேன்.

அவளைப் பெரியாஸ்பத்திரிக்குள் கொண்டு போன பிறகு, வராந்தாவில் சிஸ்டர் கேட்டார்.

“போன் எப்ப வந்துச்சு?”

“புதங்கெழம மத்தியானமுங்க.”

“வெள்ளிக்கெழம காலைலன்னு ரெஜிஸ்டர்ல எழுதிக்கறேன். உனக்காவ இல்ல. நெசம் தெரிஞ்சா அந்த ஊர்ல இனி ஒருத்தி கை நீட்ட மாட்டா.”

மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். காவேரி பிழைத்தாள். அடுத்த மாதமே பெண் குழந்தை, தராசுத் தட்டில் துணியோடு வைத்தும் முள் சரியாக நகரவில்லை. அதுவும் பிழைத்தது. மற்ற நாற்பத்திரண்டு பேரிடமும் டியூப் உடைந்துவிட்டது என்று சொல்லி மறுபடி ரத்தம் எடுத்தோம். ஒவ்வொரு பெயரையும் நோட்டில் எழுதினேன், கை வலிக்க வலிக்க. குழந்தைக்கு மூன்று மாதமானபோது காவேரி ஒரு பை ஆரஞ்சோடு கிளினிக்குக்கு வந்தாள். போன் வந்த கையோடு இந்தப் புள்ள ஓடியாரலீன்னா நான் மண்ணோட மண்ணாப் போயிருப்பேன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாரிடமும் சொன்னாள். சிஸ்டர் தலை நிமிராமல் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தார்.

பழைய காலம் பொற்காலம் என்று யாராவது என்னிடம் சொன்னால் சண்டைக்குப் போவேன். அந்த மெஷின் ஒழிந்தது நல்லது. கிளினிக் இருந்த இடத்தில் இப்போது டூரிஸ்ட்டுகள் தங்குகிறார்கள். போன் ரெஜிஸ்டர்களை மூட்டை கட்டிப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டாயிற்று. எண்ணிப் பார்க்காமல் யெஸ் அமுக்கிவிட்டு பஸ்ஸுக்கு ஓடுகிற பெண்ணும் மலையில் இன்று கிடையாது.

இந்தத் தை மாதம் சிஸ்டரும் போய்விட்டார். சாவுக்குப் போயிருந்தேன். கொட்டச்சேட்டிலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்கள் வந்திருந்தார்கள். காவேரியும் வந்திருந்தாள், தன்னைவிட உயரமாக வளர்ந்துவிட்ட மகளோடு. அன்றைக்கு வெள்ளிக்கிழமை காலை போன் வந்ததையும், வந்த நிமிஷமே நாங்கள் ஜீப் எடுத்ததையும் அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் ஆதியோடந்தமாகச் சொன்னாள். சொல்லி முடித்து, அப்படித்தானே கண்ணு என்று என் பக்கம் திரும்பினாள். அப்படி இல்லை என்று தெரிந்த இன்னொரு ஆள் எங்கள் நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தார். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாங்கக்கா என்றேன்.