கட்டைவிரலுக்கு அடியில் ஓர் ஆய்வேடு

என் கணவர் நண்டுகளைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். பிச்சாவரம் சதுப்புக் காட்டில், ஒரு கொடுக்கு மட்டும் உடம்பைவிடப் பெரிதாக இருக்குமே, அந்த நண்டு. கடலூரில் ஒரு கல்லூரியில் வாத்தியார் வேலை. அதோடு பகுதி நேரமாக இந்த முனைவர் பட்ட ஆய்வு. ஞாயிற்றுக்கிழமையானால் முழங்கால் வரை சேற்றோடு வந்து நிற்பார். அண்ணாமலை நகரில் நாங்கள் இருந்த வாடகை வீட்டு ஹாலில் பாதியை நண்டும் அவருடைய கம்ப்யூட்டரும் பிடித்துக்கொண்டன. மீதிப் பாதியில் நான், நான்கு வயது மகள், மழைக்காலமென்றால் காயாத துணி.

எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் உண்டு. அவர் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் அடுத்தது என் முறை. நான் பி.எட். சேருவேன், காலையில் குழந்தையைக் கிளப்பிப் பள்ளிக்கு அனுப்புவது அவர் பொறுப்பு. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் படித்தால் வீடு வீடாக இருக்காது என்று அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் பி.எட். சேர்க்கை வரும், போகும். “இன்னும் கொஞ்சம் திருத்தம் இருக்குது, அடுத்த வருஷம்” என்பார். 2006 வரை இப்படியே ஓட்டிவிட்டார்.

அந்த ஆய்வேட்டை முழுக்கத் தட்டச்சு செய்தது நான். அவர் எழுத்தைப் படிக்க ஊரில் வேறு ஆள் கிடையாது. பி.ஏ. தமிழ் படித்த எனக்கு, நண்டுக்கு எத்தனை வகைக் காலுண்டு, அதற்கெல்லாம் இங்கிலீஷில் என்ன பெயர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். சந்தையில் நண்டு வாங்கினால்கூட அந்தப் பெயர்கள்தான் நினைவுக்கு வந்து தொலைக்கும்.

அந்த ஆண்டு ஆயுத பூஜைக்கு வழக்கம்போல் மிக்சி, கிரைண்டர், தையல் மிஷின், அவருடைய பைக் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தேன். அவரும் வழக்கம்போல் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேலி செய்தார். “மிக்சி இனிமே சட்னிய ஜாஸ்தி அரைக்குமா?” என்றார். கம்ப்யூட்டர் பக்கம் கிண்ணத்தோடு போனேன். துள்ளிக் குதித்து எழுந்துவிட்டார். எலக்ட்ரானிக் பொருள், ஈரம் ஆகாது, அறிவியல் படித்தவன் வீட்டில் இதெல்லாம் நடக்கக் கூடாது என்று ஒரு வகுப்பே எடுத்தார். சரி, போகட்டும் என்று அதன் மேசைக்காலில் ஒரு சின்னப் பொட்டை வைத்துவிட்டு வந்தேன்.

தீபாவளி கழிந்து, மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில் கம்ப்யூட்டர் வீம்பு பண்ண ஆரம்பித்தது. ஒரு நாள் கிளம்பும், ஒரு நாள் கிளம்பாது. ஒரு வெள்ளிக்கிழமை கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், உள்ளே ஹார்ட் டிஸ்க்கே இல்லை என்று சொல்லிவிட்டது. ஆய்வேடு முழுதும் அதற்குள். நண்டுப் படங்கள் முழுதும் அதற்குள். அச்சடித்து வைத்திருந்தது பழைய வடிவம். பென் டிரைவ் என்பது அப்போது எங்களுக்கு அடுத்தவர் சட்டைப் பையில் பார்க்கிற பொருள்.

அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். “திரும்பச் செய்யணும்னா ரெண்டு வருஷம் ஆவும்” என்றார். நான் பயந்தது நண்டுக்காக இல்லை. அந்த இரண்டு வருஷமும் என்னுடையவை.

அடுத்து அவர் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. “நீ பொட்டு வெச்ச அன்னிக்கே நெனச்சேன்.”

“மேசைக்கால்லதாங்க வெச்சேன். மேசைக்கால் வழியா ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போவுமா? எந்த அறிவியல்ல இருக்குது?”

பக்கத்துக் கம்ப்யூட்டர் கடைக்காரர் வந்து, வெளியே தெரிந்த ஒயர்களை ஆட்டிப் பார்த்துவிட்டு, “போயிடுச்சி சார், புதுசு மாட்டிக்குங்க” என்று இரங்கல் தெரிவித்துவிட்டுப் போனார். வேறு வழியில்லாமல் என் தம்பிக்குப் போன் போட்டேன்.

தம்பி மஞ்சக்குப்பத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்தான். கடலூரில் ஓடுகிற கம்ப்யூட்டர்களில் பாதி தன் கை பட்டவை என்பான். மீதிப் பாதி அவன் கை படாததால்தான் ஓடுகின்றன என்பது என் எண்ணம். சனிக்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்கினான். ஒரு பையில் கருவிகள், இன்னொரு பையில் காப்பி எடுத்துக்கொள்ள ஒரு காலி ஹார்ட் டிஸ்க். “மாமா, கவலைய விடுங்க. நான் வந்துட்டேன் இல்ல” என்றான். முதலில் இட்லி சாப்பிட்டான்.

பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, டிஸ்கை வெளியே உருவினான். அதன் பின்பக்கம் இரண்டு வாய்கள் இருந்தன. ஒன்றில் சாம்பல் நிறப் பட்டை ஒயர். தகவல் அதன் வழியாகத்தான் போய்வருமாம். இன்னொன்றில் நான்கு கம்பி உள்ள செருகி, அது கரண்டுக்கு. இரண்டையும் பிடுங்கித் துடைத்துத் திரும்பச் செருகினான். ஒன்றும் நடக்கவில்லை. “அப்ப வியாதி அடியிலதான் இருக்குது” என்று டிஸ்கைக் குப்புறக் கவிழ்த்தான். கவிழ்த்தவன் அப்படியே நின்றான்.

அடிப்புறத்தில் பச்சை நிறச் சர்க்யூட் தட்டு ஒன்று. அதன் ஓரத்தில், அம்மன் நெற்றியில் இருப்பதுபோல், காய்ந்துபோன சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம்.

“அக்கா!” என்றான் தம்பி. “உனுக்கு வேற எடமே கெடைக்கலையா?”

நான் குனிந்து அந்தப் பொட்டைப் பார்த்தேன். என் கணவருக்கு அந்த நேரம் பார்த்துத் தாகம் எடுத்தது. தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். ஒரு சொம்பு தண்ணீரை ஒருவர் அவ்வளவு நேரம் குடித்து நான் பார்த்ததில்லை.

தம்பி நட்சத்திர முனை ஸ்க்ரூடிரைவரால் தட்டைக் கழற்றினான். அந்தத் தட்டுக்கும் உள்ளே சுழலும் தகட்டுக்கும் இடையில் ஒயர் ஏதும் இல்லை. டிஸ்கின் உடம்பிலிருந்து வரிசையாக ஸ்பிரிங் வைத்த குட்டி ஊசிகள் நீட்டிக்கொண்டிருந்தன. அவை தட்டில் உள்ள புள்ளிகளை அழுத்தித் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் இரண்டுக்கும் உறவு. பன்னீரில் தளரக் கரைத்த சந்தனம் இடுக்கு வழியாக இறங்கி அந்தப் புள்ளிகளில் காய்ந்திருந்தது. மழை ஈரமும் சேர்ந்து, புளி போட்டுத் தேய்க்காத பித்தளைச் செம்புபோல் களிம்பு ஏறிவிட்டது. ஊசிகளில் ஒன்றிரண்டு அமுங்கியும் போயிருந்தன.

மகளின் ரப்பரை வாங்கித் தேய் தேய் என்று தேய்த்தான். தட்டைத் திரும்ப மாட்டினான். டிஸ்க் சுழன்றது, திரையில் தெரிந்தது, மறைந்தது. பஸ் டிக்கெட்டை மடித்துச் செருகினான். ரப்பர் பேண்ட் சுற்றினான். துணி மாட்டும் கிளிப்பைக் கேட்டு வாங்கி அதையும் போட்டான். எதற்கும் மசியவில்லை. கடைசியில் சலித்துப்போய்த் தட்டைக் கட்டைவிரலால் அழுத்தினான். எல்லா ஃபைலும் வரிசையாக வந்து நின்றன. விரலை எடுத்தான், போய்விட்டன.

“மாமா, இங்க வாங்க. இப்பிடி அழுத்திப் புடிச்சிக்குங்க. காப்பி ஆவுற வரைக்கும் கைய எடுக்கக் கூடாது.”

“ஷாக் அடிக்காதா மச்சான்?”

“பன்னெண்டு வோல்ட்டு மாமா. எறும்புக்கே அடிக்காது.” இருந்தாலும் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை விரலுக்கும் தட்டுக்கும் நடுவில் வைத்துக் கொடுத்தான். தன்னுடைய காலி டிஸ்கை அதே பட்டை ஒயரின் நடு வாயில் மாட்டினான். டிஸ்க் நொண்டி நொண்டிப் படித்ததால் காப்பி நத்தையாக ஊர்ந்தது. அவன் நடு ஹாலில் பாயை விரித்துப் படுத்துக் குறட்டைவிட ஆரம்பித்தான். மகள் எதிர் வீட்டில் விளையாடப் போயிருந்தாள்.

தரையில் சம்மணமிட்டு, மடித்த துண்டின் மேல் கவிழ்ந்து கிடந்த டிஸ்கைக் கட்டைவிரலால் அழுத்தியபடி என் கணவர். நாற்காலியில், மவுஸோடு நான். கல்யாணமான நாளிலிருந்து அவர் என் முன்னால் எழுந்து போக முடியாமல் உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் தடவை.

“ஒண்ணு கேக்கணும்” என்றேன்.

“இப்பவா?”

“இப்பதான். சந்தனம் எப்பிடி அங்க போச்சி?”

“குழந்தை ஏதாச்சும்…” என்று ஆரம்பித்தார். விரல் தளர்ந்தது. டிஸ்க் ‘டக்’ என்றது. காப்பி நின்றுவிட்டது.

“அழுத்துங்க!” என்று கத்தினேன். அழுத்தினார். மறுபடி ஓடியது. “இல்ல, எலி கிலி வந்து…” என்றார். மறுபடியும் டக். பூசி மெழுகும்போதெல்லாம் அவருக்கு விரல் நிற்கவில்லை. நல்ல சாதனம் இது, முன்பே தெரியாமல் போயிற்றே என்று நினைத்துக்கொண்டேன்.

“அந்தப் பெட்டியத் தொறக்க எனக்குத் தெரியாது. ஸ்க்ரூடிரைவர் உங்க டிராயர்ல இருக்குது. நான் மோதிர விரல்ல பொட்டு வெக்கறவ. அங்க இருக்கறது கட்டைவிரல் அகலம். இன்னும் சொல்லணுமா?”

அவர் விரலை நன்றாக ஊன்றிக்கொண்டார். பிறகு, “பூஜை அன்னிக்குக் காலையில. நீ குளிக்கப் போயிருந்தப்ப” என்றார்.

“மிக்சிக்கு வெச்சா சிரிச்சீங்களே?”

“மிக்சில என்னா இருக்குது? இதுல என் ஆறு வருஷம் இருக்குது.”

“சரி, மூடி மேல வெச்சிருக்கலாம் இல்ல?”

“டேட்டா மூடி வழியாவா போவுது? அந்த ஊசி வழியாதான் போவுது.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பாமரத்தனமாகப் பொட்டு வைத்த என்னால் ஒரு மிக்சிகூடக் கெட்டதில்லை. இவர் அறிவியல்படி, தகவல் போய்வரும் இடத்தைத் துல்லியமாகப் பார்த்து வைத்திருக்கிறார். “சிரிக்காத, கை ஆடுது” என்று கெஞ்சினார்.

“எதுக்குங்க இவ்ளோ ரகசியமா?”

“பயமா இருந்துச்சி.”

“என்னா பயம்? எழுதி முடிச்சிட்டா கொடுத்துட வேண்டியதுதான?”

அவர் என்னைப் பார்க்கவில்லை, டிஸ்கைப் பார்த்தார். “முடிஞ்சி ஒரு வருஷம் ஆச்சி” என்றார். விரல் அசையவே இல்லை. காப்பி ஓடிக்கொண்டே இருந்தது.

என் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. “அப்ப ராத்திரி ராத்திரி உக்காந்து என்னாத்த திருத்துனீங்க?”

“நண்டுப் படத்த இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் நவுத்துவேன். மறுநாளு பழைய எடத்துலயே வெச்சிடுவேன்.”

அந்த நிமிஷம் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் இந்தக் காகிதம் தாங்காது. நான் சேராமல் விட்ட ஒரு முழு ஆண்டை இந்த மனிதர் நண்டை நகர்த்திக் கழித்திருக்கிறார். கீபோர்டைத் தூக்கி எறிந்திருப்பேன். அது காப்பி ஆகிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரோடு சேர்ந்திருந்ததால் தப்பியது. நான் திட்டியதையெல்லாம் கேட்டுக்கொண்டார். எழுந்து போகவும் வழியில்லை, காதைப் பொத்தவும் ஒரு கைதான் மிச்சம்.

திட்டி ஓய்ந்த பிறகு சொன்னார். அவருடைய அப்பா ஊரில் டீக்கடை டீக்கடையாக ‘எம்புள்ள டாக்டராவப் போறான்’ என்று சொல்லி வைத்திருக்கிறார். அவர்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்ததே இவர்தான் முதல். “வாய்மொழித் தேர்வுல ஒருத்தரு எழுந்து, இது ஒரு ஆராய்ச்சியான்னு கேட்டுட்டா? கொடுக்காத வரைக்கும் யாரும் கேக்க மாட்டாங்க இல்ல” என்றார். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. கோபமும் போகவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தேன்.

காப்பி முடிந்தது. தம்பியின் டிஸ்கில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். சரியாக இருந்தது.

“ஆச்சி. கைய எடுங்க.”

எடுக்கவில்லை. “அஞ்சாவது அத்தியாயம் வந்துச்சா பாரு.”

“வந்துச்சி.”

“நண்டுப் படம்?”

“எல்லா நண்டும் வந்துச்சி.”

“இன்னொரு தடவ மொதல்லேர்ந்து…”

“நான் டைப் அடிச்சிட்டேன். உங்க கைடு படிச்சிட்டாரு. இனிமே படிக்க வேண்டியவங்க வெளியிலதான் இருக்காங்க.”

அப்போதும் விரல் அங்கேயே இருந்தது. நான் நாற்காலியிலிருந்து இறங்கி அவர் எதிரில் உட்கார்ந்தேன். மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகத் தூக்கினேன். டிஸ்க் இரண்டு முறை டக் டக் என்று சொல்லிவிட்டு நின்றுபோனது. அவர் கட்டைவிரல் வெளுத்து மரத்துப்போயிருந்தது. அதைத் தேய்த்துவிட்டேன். தம்பி புரண்டு படுத்து, “பாத்தீங்களா மாமா, நான் சொன்னேன் இல்ல?” என்று தூக்கத்திலேயே பெருமை அடித்துக்கொண்டான்.

அச்சடித்து, பைண்டிங் முடித்து, அடுத்த வாரமே பல்கலைக்கழகத்தில் கொடுக்கப் போனோம். “நீ எதுக்கு?” என்றார். “நீங்க கொடுக்காம திரும்பிடக் கூடாது இல்ல” என்றேன். கொடுத்தார். வெளியே வந்து, கையில் ஒன்றும் இல்லாமல், நடக்கவும் தோன்றாமல் வாசலிலேயே நின்றார்.

“இப்ப என்னா பண்றது?” என்று கேட்டார்.

“பி.எட். சேர்க்கை எப்பன்னு அந்த ஜன்னல்ல கேட்டுட்டு வாங்க. கூட்டம் ஜாஸ்தியா இருக்குது. நான் இப்பிடி நிழல்ல நிக்கறேன்.”

போய் வரிசையில் நின்றார்.