உஷ் அம்மாவின் குரல்

நூலகத்துக்கு வருகிறவர்கள் அங்கே நூலகராக இருந்த அம்மாவுக்கு வைத்திருந்த பெயர் ‘உஷ் அம்மா’. அதை முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. அங்கேதான் எதையுமே சத்தமாகச் சொல்ல முடியாதே! அவர் உதட்டில் விரலை வைத்தால் போதும், வாசிப்பு அறை கப்சிப் என்று அடங்கிவிடும். நாற்காலிக் கால்களுக்கெல்லாம் தன் கையாலேயே கம்பளித் துணி ஒட்டியவர். கணவருக்கு அதே நூலகத்தில் புத்தக பைண்டிங் வேலை. பசையோடும் நூலோடும் பழகிப் பழகி அவருக்கும் பேச்சு குறைந்துவிட்டது. இருவரும் வீட்டில் இருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆள் இல்லை என்றே நினைப்பார்கள்.

விடுமுறை நாளில் மலையேறுவது ஒன்றுதான் இருவருக்கும் ஆசை. அன்று அடிவாரத்தில் வனக்காவலர் ஒரு சின்ன மணியைக் கொடுத்தார்.

“மேல கரடி குட்டியோட சுத்துதும்மா. இதைப் பையில கட்டிக்கங்க. அதைவிட முக்கியம், பேசிக்கிட்டே போங்க. ஆள் வர்றது தெரிஞ்சா அதுவே ஒதுங்கிடும். திடீர்னு எதிர்ல போய் நின்னாதான் வம்பு.”

இருவரும் நன்றாகத் தலையாட்டினார்கள். கொஞ்ச தூரம் போனதுமே மணியின் கிணுகிணுப்பு அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. பழக்க தோஷம், மணியின் நாக்கில் கைக்குட்டையைச் சுற்றிவிட்டார். பேச்சும் நின்றுபோனது. கரடிக்கே தெரியாமல் கரடி வீட்டுக்குப் போக இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

பனி இறங்கியது. மரங்கள் காணாமல் போயின, மறுபடி வந்தன. நடக்கிறோமா தூங்குகிறோமா என்றே அம்மாவுக்குத் தெரியவில்லை. முன்னால் போகும் கணவரின் நீலச் சட்டை மட்டும் மிதந்து மிதந்து போனது. அதைப் பார்த்துக்கொண்டே நடப்பது சுகமாக இருந்தது.

பனி சற்று விலகியபோது, பாதை வளையும் இடத்தில், புதருக்கு அப்பால் கறுப்பாக ஒன்று அசைந்தது. அதன் காலடியில் குட்டி. வளைவு மறைத்ததால் கணவருக்கு அது தெரியவில்லை. தலையைக் குனிந்தபடி நேராக அங்கேதான் போய்க்கொண்டிருந்தார்.

“என்னங்க...”

வந்தது வாசிப்பு அறைக் குரல்தான். நீலச் சட்டை நிற்கவில்லை. இந்த மனுஷன் இல்லாமல் போனால் அந்த வீட்டு அமைதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

“என்னங்க! நில்லுங்க! கரடி! ஓடாதீங்க, அப்படியே மெதுவா பின்னாடி வாங்க!”

மலையே அதிர்ந்தது. கரடி தலையைத் தூக்கிப் பார்த்தது. கணவர் அதன் பக்கமிருந்து முகத்தைத் திருப்பாமல் அடிமேல் அடியாகப் பின்வாங்கினார். அம்மா நிறுத்தவே இல்லை. வாயில் வந்ததையெல்லாம் பேசினார். கேட்டது போதும் என்று நினைத்ததோ என்னவோ, கரடி குட்டியைக் கூட்டிக்கொண்டு பனிக்குள் போய்விட்டது.

கணவர் வந்து சேர்ந்ததும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இத்தனை வருஷத்துல நீ என்னைச் சத்தமா கூப்பிட்டதே இல்லையே.”

“நீங்க இவ்வளவு தூரம் போனதே இல்லையே” என்றார் அம்மா. அதற்குமேல் முடியாமல் அழுதுவிட்டார்.

கண்ணைத் துடைக்கக் கைக்குட்டையைத் தேடினார். அது மணியில் இருந்தது. கணவரே அதை அவிழ்த்துக் கொடுத்தார். இறங்கும் வழியெல்லாம் மணி ஒலித்தது. அதையும் மீறி இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள், வீட்டுக்குள் நுழைந்த பிறகும்.