புரட்டாசியில் நண்டு ரசம்

தர்மனுக்குக் கடவுள் கொடுத்தது ஒரே ஒரு சொத்து, தொண்டை. ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு காஞ்சிபுரத்துத் தெருக்களில் ஜவுளிக்கடைத் தள்ளுபடி, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றையும் அறிவிப்பது அவர் தொழில். நடுவில் மைக் பழுதானால் அவருக்கும் தெரியாது, கேட்கிறவர்களுக்கும் தெரியாது. மூளையில் வைக்க வேண்டியதையும் சேர்த்து ஆண்டவன் தொண்டையிலேயே வைத்துவிட்டான் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

போன புரட்டாசியில் அந்தத் தொண்டை கட்டிக்கொண்டது. திங்கட்கிழமை சளி பிடித்தது, மறுநாளே மூக்கும் அடைத்துவிட்டது. வருகிற சனியோ மூன்றாம் சனி. தெருக்காரர்கள் சேர்ந்து வீடு வீடாகப் போய்ப் பெருமாளுக்குப் படைக்கிற தளிகைக்கு அரிசி வாங்குகிற நாள். நாமம் போட்ட சொம்போடு முன்னால் போகிறவர் "கோவிந்தா" என்று எடுத்துக்கொடுக்க, பின்னால் வருகிறவர்கள் திருப்பிச் சொல்வார்கள். பதினெட்டு வருஷமாக முன்னால் போகிறவர் தர்மன்தான். தான் கூப்பிடாவிட்டால் பெருமாளுக்குக் காது கேட்காது என்று அவருக்கு ஒரு நினைப்பு.

மனைவி காந்தா மிளகு ரசம் வைத்தாள். தூதுவளை ரசம் வைத்தாள். கொள்ளு சூப்பும் வைத்தாள். எல்லாவற்றையும் டம்ளர் டம்ளராகக் குடித்துவிட்டு வாயைத் திறந்தால் சைக்கிளுக்குக் காற்றடிக்கிற சத்தம்தான் வந்தது. அதற்குள் வெள்ளிக்கிழமையும் வந்துவிட்டது.

அன்று மதியம் பக்கத்து வீட்டு மேரி அம்மியில் நண்டு தட்டுகிற சத்தம் கேட்டது. அவள் புருஷன் கிறிஸ்டோபர் தாமல் பக்கம் போய்ப் பிடித்துவந்த வயல் நண்டு. ஓட்டோடு இடித்துச் சாறு வடிகட்டி, மிளகும் பூண்டும் தட்டிப்போட்டு வைக்கிற ரசம், நெஞ்சுச் சளியைக் கரைப்பதில் படுகெட்டி. ஆனால் புரட்டாசியில் தர்மன் வீட்டில் கவிச்சி கிடையாது. தெரிந்தேதான் மேரியின் கதவைத் தட்டினார்.

"அக்கா விரதம் இருந்துக்கினு இருக்குது. நீங்க இன்னாண்ணா இங்க வந்து நிக்கிறீங்க?" என்றாள் மேரி.

"மருந்துக்கு ஏதுமா புரட்டாசி" என்றார் தர்மன், வெறும் காற்றாக.

சதை வேண்டாம், சாறு மட்டும் போதும் என்று தனக்குத்தானே ஒரு சலுகையும் கொடுத்துக்கொண்டு மூன்று டம்ளர் குடித்தார். நாலு துளசி இலையை மென்றுவிட்டுக் கையை மோந்து பார்த்தார். ஒரு வாசனையும் இல்லை. திருப்தியாக வீட்டுக்குப் போனார்.

காந்தா நிமிர்ந்து பார்த்தாள். எழுந்துபோய் சாமி அலமாரியின் கதவைச் சாத்தினாள். தூசு விழும் என்று சாத்துகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் ரசம் வேலையைக் காட்டியது. முதலில் மூக்கு திறந்தது. நாலு நாளாக ஒன்றும் அறியாத மூக்குக்கு முதலில் கிடைத்தது அவருடைய சட்டையின் வாசனைதான். நண்டும் பூண்டுமாகத் தெருமுனை வரை வீசியிருக்கும். மூக்கடைத்தவன் கையை மோந்து பார்த்துவிட்டு ஊரை ஏமாற்றக் கிளம்பினான், அப்படியொரு முட்டாளைத் தான் கண்டதே இல்லை என்று தர்மன் இன்றைக்கும் சொல்கிறார்.

பிறகு தொண்டையும் திறந்தது. "காந்தா" என்று கூப்பிட்டுப் பார்த்தார். கணீரென்று இருந்தது.

"அதான் குரல் வந்துடுச்சே" என்றாள் அவள். "நாளைக்கு சொம்பை யாரு தூக்குறது?"

அவருக்குப் பழைய சங்கதி ஒன்று ஞாபகம் வந்தது. முந்தின வருஷம் மூன்றாம் சனியன்று எதிர்வீட்டுச் சீனிவாசன் ஆசையாகச் சொம்பைக் கையில் எடுத்தார். "இவரு நேத்து பேக்கரில முட்டை பப்ஸ் துன்னாரு, என் கண்ணால பார்த்தேன்" என்று தெருவே கேட்கக் கத்தி, சொம்பைப் பிடுங்கிக்கொண்டவர் தர்மன். ஊருக்குத்தான் உபதேசம். முட்டைக்கே அந்தத் தண்டனை என்றால் நண்டுக்கு என்ன? தொண்டை இன்னும் சரியாகவில்லை என்று நடித்துவிடலாமா என்றுகூட யோசித்தார். அப்படி யோசித்ததற்கும் சேர்த்து வெட்கமாக இருந்தது.

காலையில் குளித்துவிட்டுச் சொம்போடு எதிர்வீட்டுக்குப் போனார்.

"சீனு, நேத்து மேரி வீட்ல நண்டு ரசம் குடிச்சிட்டேன் பா. இந்த வருஷம் நீ தூக்கு."

சீனிவாசன் சிரிப்பார், இல்லாவிட்டால் நாலு வார்த்தை திட்டுவார் என்று எதிர்பார்த்தார். இரண்டும் நடக்கவில்லை. அவர் சொம்பை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"அன்னிக்கு நான் துன்னது முட்டை பப்ஸ் இல்ல தர்மா. காய் பப்ஸ்" என்றார். "சொல்லிக்கினேதான் இருந்தேன். நீ கத்துன கத்துல யாருக்கும் கேக்கல."

தர்மன் ஒதுங்கி நின்று, அவரை முன்னால் போகச் சொல்லிக் கைகாட்டினார்.

கூட்டம் கிளம்பியது. சீனிவாசனுடையது மெல்லிய குரல். முதல் வீட்டு வாசலில், பின்வரிசையில் நின்ற தர்மன் பழக்கதோஷத்தில் வாயைத் திறக்க, அந்தக் குரல் அப்படியே அமுங்கிப்போனது. அடுத்த வாசலில் சீனிவாசன் "கோவிந்தா" என்று முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை தர்மன் பொறுத்திருந்தார். பிறகு பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி "கோவிந்தா" என்றார்.